பல தடவை செத்த கண்டக்டர்

எங்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்த கண்டக்டர் ஒரே வருஷத்தில் பல தடவை செத்துப் போனார். எல்லாமே அழகான சாவுகள். ஒரு தடவை இளவெயில் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு தடவை ஒரு மாணவனின் கையை இறுகப் பிடித்திருந்தார். இன்னொரு தடவை, "நீ பெரிய டாக்டரா வருவே" என்பதைத் திக்காமல் திணறாமல் சொல்லி முடித்த பிறகே கண்ணை மூடினார். மூச்சு நிற்கப் போகிறவர்கள் அவ்வளவு ஒழுங்காகப் பேசி நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் நான்தான் அவர் காலுக்குக் கட்டு மாற்றினேன். தலையணை கல் மாதிரி இருக்கிறது என்று அவர் என்னோடு சண்டையும் போட்டார்.

நான் அந்த வார்டின் சிஸ்டர். இந்தச் சாவுகளை எழுதியவர்கள் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள். பள்ளிப் படிப்பை முடித்த கையோடு விண்ணப்பித்தால் மதிப்பில்லையாம். ஒரு வருஷம் இடைவெளி விட்டு, நோயாளிகளோடு பழகி, மனம் உருகி, உருகியதைக் கட்டுரையாக எழுதிக் கொடுக்க வேண்டுமாம். உருகுவதற்கு எங்கள் ஆஸ்பத்திரிதான் பக்கத்தில் இருந்தது.

என் அக்கா வீட்டுக்கும் இந்தக் காய்ச்சல் வந்தது. அக்கா மகளை அவள் தவழ்கிற காலத்திலிருந்தே வீட்டில் "டாக்டரம்மா" என்றுதான் கூப்பிடுவார்கள். யாராவது தும்மினால்கூட அந்தக் குழந்தையைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். மதிப்பெண்ணும் நன்றாகவே வாங்கியிருந்தாள். நேரே விண்ணப்பித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அதற்குள் அத்தானுக்கு யாரோ ஓர் ஆலோசகரின் நம்பரைக் கொடுத்துவிட்டார்கள்.

ஆலோசகர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தும் வியர்த்தது, ஆனாலும் கோட்டைக் கழற்றவில்லை. அன்று எனக்கு லீவு. வேடிக்கை பார்க்கக் கிடைத்த வாய்ப்பை விடுவேனா?

"வீட்டுல சமீபத்துல யாராவது தவறியிருக்காங்களா?" என்று கேட்டார்.

அக்காவும் அத்தானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இல்லீங்களே," என்றாள் அக்கா. விருந்தாளிக்குக் கொடுக்க வீட்டில் ஒன்றும் இல்லையே என்கிற மாதிரி அவள் முகம் சுண்டிப் போயிற்று.

"தீராத வியாதி ஏதாவது?"

"எனக்கு முட்டி வலி இருக்கு சார்," என்றார் அத்தான், ஆசையாக.

"அது பத்தாது சார்."

குழாய்க் கடையில் நாள் முழுக்க நின்று சம்பாதித்த வலி அது. அதைப் போய்ப் பத்தாது என்றதும் அத்தானுக்கு என்னவோ போலாகிவிட்டது.

"அப்ப பொண்ணு ஒரு வருஷம் வாழ்க்கையைப் பாக்கட்டும்," என்றார் ஆலோசகர்.

"அதைப் பாக்க எங்கங்க போகணும்?" என்றாள் அக்கா. "பஸ் வசதி இருக்குமா?"

மூன்று பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். லீவு நாளில் வீட்டில் தூங்காமல் வந்ததற்கு எனக்கு அது வேண்டும்.

அப்படித்தான் டாக்டரம்மா எங்கள் வார்டுக்கு வந்தாள். முதுகில் "அன்பு" என்று அச்சடித்த பனியன் போட்டுக்கொண்டு வந்தாள். ஆலோசகரே விற்பதாம். முதல் நாளே ஒரு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அங்கே இருந்த மூச்சிரைப்புக்காரரிடம், "உங்க மனசுல என்ன பாரம் இருக்கு?" என்று கேட்டாள்.

"மனசுல ஒண்ணும் இல்லம்மா. ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு நிக்குது," என்றார் அவர்.

அவள் ஓடி வந்து என்னைக் கூப்பிட்டாள். பாத்திரம் எங்கே இருக்கிறது என்று காட்டினேன். அதைக் கையில் எடுத்தபோது அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஆனால் எடுத்துக்கொண்டு போனாள். அதையும் சொல்லியாக வேண்டும். மற்ற பனியன்கள் யாரும் எடுத்ததில்லை.

பனியன்களுக்கெல்லாம் பிடித்த இடம் கண்டக்டர் கட்டில்தான். டவுன் பஸ்ஸில் ஓய்வு பெறுகிற வரைக்கும் ஓடிய மனிதர். ஆயுசெல்லாம் நின்றுகொண்டே சம்பாதித்தவர் உட்கார்ந்ததும், சர்க்கரை வந்து காலில் உட்கார்ந்துகொண்டது. கால் விரல்களில் ஆறாத புண். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் தூரத்து ஊரிலிருந்து போன் செய்வாள். தலையைப் படிய வாரி, சட்டைப் பையில் பேனா குத்தி, இப்போதுதான் வண்டி புறப்படப் போகிறது என்பது போலக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார்.

யாருக்கு என்ன வேண்டும் என்று அவருக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஒருவனுக்கு, ஓடுகிற பஸ்ஸில் பிரசவம் பார்த்த கதை. இன்னொருத்திக்கு, டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டும் வறுமையால் முடியாமல் போன கதை. மூன்றாவதாக வந்தவனுக்கு, சரியான நேரத்தில் டாக்டர் கிடைக்காமல் செத்துப்போன தம்பியின் கதை. கண்டக்டருக்குத் தம்பியே கிடையாது.

"ஏன் இப்படிக் காதுல பூ சுத்துறீங்க?" என்று கேட்டேன்.

"பாவம் சிஸ்டர், அவ்வளவு தூரத்துலேருந்து வருதுங்க. வெறுங்கையோட அனுப்பலாமா?" என்றார். "ஆனா ஒருத்தருக்குக் குடுத்ததை இன்னொருத்தருக்குக் குடுக்க மாட்டேன். கிழிச்ச டிக்கெட்டை மறுபடி குடுத்தா வேலை போயிடும்."

அவர்கள் கொண்டு வந்த பிஸ்கட்டைச் சர்க்கரைக்குத் தெரியாமல் தின்னப் பார்ப்பார். நான் பிடுங்கி வைப்பேன். வார்டு கலகலப்பாகத்தான் இருந்தது.

பிறகு புண் கறுத்தது. பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, "ரெண்டு விரலை எடுத்துடணும். விட்டா பரவிடும்," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். கண்டக்டர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். சின்ன டாக்டர்கள் கேட்டார்கள், மகள் போனில் அழுதாள். நான் கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன். "நான் இறங்க வேண்டிய ஸ்டாப் இன்னும் வரல சிஸ்டர்," என்று கண்ணடித்தார். எல்லோருக்கும் கதை கொடுத்துக் கொடுத்து, அவர் எதைச் சொன்னாலும் விளையாட்டு என்றே எங்களுக்குப் பழகிவிட்டது. கட்டை அவிழ்க்கும்போதெல்லாம் கறுப்பு எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்தேன். ரெண்டு விரலோடு போக வேண்டியது காலோடு போகலாம், ஆளோடும் போகலாம்.

இடையில் ஒன்று நடந்தது. எனக்கு அது பிறகுதான் தெரிய வந்தது. இருந்தாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் டாக்டரம்மா வீட்டில் சண்டை போட்டுவிட்டு உர்ரென்று வந்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கண்டக்டர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து பேசாமல் சாப்பிட்டாள். பேசாமல் ஓர் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு எத்தனை மாதமாயிற்றோ!

"பக்கத்துக் கட்டில்ல ஒருத்தர் இருந்தாரே, ஞாபகம் இருக்கா?" என்று அவராகவே ஆரம்பித்தார். "அவருக்கும் ஒரு விரல்தான்னாங்க. அப்புறம் பாதம்னாங்க. அப்புறம் முட்டி. கடைசியில தொடை வரைக்கும் எடுத்து அனுப்புனாங்க. எனக்கும் ரெண்டு விரல்னுதான் ஆரம்பிக்கிறாங்க. பயமா இருக்கும்மா. நிக்க முடியாத கண்டக்டரை யாரு என்னன்னு கூப்பிடுவாங்க?"

அவள் கேட்டுக்கொண்டாள், டப்பாவை மூடினாள், வீட்டுக்குப் போனாள். ஆலோசகரிடம் சொன்னாளாம். "பயம் எல்லாருக்கும் இருக்கறதுதான். கட்டுரையில எடுபடாது. சாவுன்னா நிக்கும்," என்றாராம். அவளும் சாவையே எழுதினாள். எங்கள் வீட்டுப் பிள்ளை என்பதால் சொல்லவில்லை, இருப்பதிலேயே நல்ல சாவு அவள் எழுதியதுதான். அக்கா படித்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். கண்டக்டரின் பயத்தை மட்டும் டாக்டரம்மா வேறு யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட.

விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி முடிந்தது. மறுநாளிலிருந்து ஒரு பனியனையும் காணோம். கண்டக்டர் வழக்கம்போலத் தலை வாரி, பேனா குத்தி, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "இன்னிக்கு ஸ்ட்ரைக்கா சிஸ்டர்?" என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல் இல்லை.

நேர்முகத் தேர்வில் கேள்வி கேட்க உட்கார்ந்தவர்களில் எங்கள் பெரிய டாக்டரும் ஒருவர். கட்டுரைகளைப் புரட்டியவருக்கு, ஜன்னலோரக் கட்டில், சட்டைப் பைப் பேனா, வயதான கண்டக்டர் என்று திரும்பத் திரும்ப வந்ததும் சந்தேகம் வந்திருக்கிறது. அன்று காலையில்தான் அவர் கண்டக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். செத்தவர் நன்றாகத்தான் இருந்தார், மோர் புளிக்கிறது என்று புகார்கூடச் சொன்னார். அதனால் கொலைகாரர்கள் ஒவ்வொருவரிடமும் டாக்டர் ஒரே கேள்வியைக் கேட்டார்: "அவர் உயிரோடதான் இருக்கார். ஆபரேஷன் வேண்டாம்னு ஏன் அடம்பிடிக்கிறார், தெரியுமா?"

ஒருவன் மரணத்தை வென்ற மனநிலை என்றானாம். ஒருத்தி வறுமை என்றாளாம். இளவெயில் பையன், இயற்கையோடு இணைய விரும்புகிறார் என்றானாம்.

டாக்டரம்மாவின் முறை வந்தது. அதே மாதிரி எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம்.

"தெரியும் சார். பக்கத்துக் கட்டில்காரர் மாதிரி தொடை வரைக்கும் எடுத்துடுவீங்கன்னு பயப்படறார்."

"எப்ப சொன்னார்?"

"மூணு வாரம் ஆச்சு."

"யார்கிட்ட சொன்னே?"

"ஆஸ்பத்திரியில யார்கிட்டயும் சொல்லல சார். கட்டுரைக்கு உதவாதுன்னு விட்டுட்டேன்."

அன்று பிற்பகல் பெரிய டாக்டர் டையைக்கூடக் கழற்றாமல் வார்டுக்குள் வந்து, கண்டக்டர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் ஒரு நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பக்கத்துக் கட்டில்காரருக்கு ரத்தக் குழாயே அடைத்துப் போயிருந்தது, இவருக்கு ஓட்டம் நன்றாக இருக்கிறது, அது வேறு இது வேறு என்று நிதானமாகச் சொன்னார். பிறகு கண்டக்டர் பையிலிருந்த பேனாவை வாங்கிப் பாதத்தில் ஒரு கோடு போட்டார்.

"இதைத் தாண்டி வர மாட்டேன்."

கண்டக்டர் குனிந்து கோட்டைத் தொட்டுப் பார்த்தார். "மூணு விரல் வருதே. ரெண்டுன்னுதானே சொன்னீங்க?"

"மூணு வாரம் முன்னாடின்னா ரெண்டுதான்."

கண்டக்டர் கையெழுத்துப் போட்டார். டாக்டர் சொன்ன சொல் தவறவில்லை, கோட்டைத் தாண்டவில்லை. ஆனால் அந்த மூன்றாவது விரல் யாரால் போனது என்பது கண்டக்டருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு அவளை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது.

முடிவு வந்தது. இளவெயில் பையனுக்கு இடம் கிடைத்தது. தேர்வுக் குழுவில் மற்றவர்களுக்கு அந்த இளவெயில் ரொம்பப் பிடித்துப் போயிற்றாம். டாக்டரம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

"எல்லாரும்தான் கொன்னாங்க. இவ மட்டும் எதுக்குடி ஒத்துக்கணும்?" என்று அக்கா என்னைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அத்தான் முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆலோசகர் மறுபடியும் கோட்டோடு வந்தார். இந்த முறை மனிதர் உற்சாகமாக இருந்தார். "கவலையே படாதீங்க. இன்னொரு வருஷம் இடைவெளி விடுவோம். போன வருஷம் நம்ம கையில ஒண்ணுமே இல்ல. இப்ப பாருங்க, தப்பு இருக்கு, குற்ற உணர்ச்சி இருக்கு, ஒரு விரலே போயிருக்கு! அந்த மூணாவது விரலை வச்சு எழுதினா தூக்கிடும்மா!"

டாக்டரம்மா எழுந்தாள். அந்தப் பனியனை உள்ளேயிருந்து எடுத்து வந்து, மடித்து, அவர் மடியில் வைத்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

நேராக வார்டுக்குத்தான் வந்தாள். கண்டக்டர் அவளைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாளும் வந்தாள், அன்றும் திரும்பிக்கொண்டார். அவள் மூச்சிரைப்புக்காரருக்குப் பாத்திரம் எடுத்துக் கொடுத்தாள், தண்ணீர் பிடித்து வைத்தாள், போனாள். இப்படியே பல நாள் ஓடிற்று. அவரிடம் பரிந்து பேச நான் போகவில்லை. கோபப்பட அவருக்கு உரிமை இருந்தது.

ஒரு நாள் அவராகவே திரும்பினார்.

"இந்த வருஷம் என்னை எப்படிக் கொல்லப் போறே?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கட்டுப் போட்ட காலைப் பார்த்துவிட்டு, "எங்க வலிக்குது?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் அவள் கையில் எழுதிக்கொள்ள நோட்டு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றும் இல்லை.

"சொன்னா சிரிப்பாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல," என்றார். "எடுத்துட்டாங்களே, அந்த விரல்தான் வலிக்குது. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல."

நான் வார்டின் மறுகோடியில் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அவள் ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"சித்தி, கண்டக்டருக்கு எடுத்த விரல் வலிக்குதாம். டாக்டர்கிட்ட சொல்லணும்."

"இன்னும் நாலு கட்டில்தான். முடிச்சிட்டு வரேன்," என்றேன்.

"இப்பவே வாங்க சித்தி," என்றாள். வண்டியின் கைப்பிடியிலிருந்து என் கையை அவளே எடுத்துவிட்டாள்.

மருந்து வண்டியை மருந்தறைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டு, நான் அவள் பின்னால் போனேன்.