ஊட்டுல ஆருமில்லீங்க

சொல்வதா, சொல்லாமலே இருந்துவிடுவதா? அம்மாவைக் கடைசியாக ஒருமுறை நேரில் பார்க்க முடியாமல் போனதில் பக்கத்து வீட்டு அக்கா சொன்ன ஒரு பொய்க்கும் பங்குண்டு. அது அவருக்கு இன்றுவரை தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தினமும் என் மகளை அவர் இடுப்பில் கொடுத்துவிட்டுச் சமைக்கப் போகிறேன்.

பவானிக்குப் பக்கத்தில் சிறிய ஊர் எங்களுடையது. எங்கள் தெருவில் பாதி ஆண்கள் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியில் வேலை செய்கிறவர்கள். என் கணவரும் மத்தியப் பிரதேசத்தில் ஒரு வண்டிக்கு மேனேஜர். மழைக்காலத்தில் வண்டி நிற்கும்போதுதான் வீட்டுக்கு வருவார். அதனால் தெருவுக்கென்று ஒரு பழக்கம் இருக்கிறது. முன்பின் தெரியாத ஆள் வந்து, தனியாக இருக்கும் பெண்ணைப் பற்றிக் கேட்டால், யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். "ஊட்டுல ஆருமில்லீங்க" என்பதுதான் எல்லா வாசலிலும் பதில். கைக்குழந்தையோடு இங்கே குடிவந்த புதிதில் அந்தப் பதிலை நம்பித்தான் நான் தூங்கினேன்.

தங்கையின் பிரசவத்துக்காக அம்மா சிங்கப்பூர் போயிருந்தார். போன இடத்தில் வயிற்றுவலி என்று படுத்தவருக்குப் புற்றுநோய், முற்றிவிட்டது என்றார்கள். விமானத்தில் அனுப்ப முடியாத நிலை. "நீயும் பாப்பாவும் வந்துருங்கக்கா" என்று தங்கை அழுதாள். எங்கள் இருவருக்குமே பாஸ்போர்ட் கிடையாது.

அப்போதுதான் தெரிந்தது, காகிதத்தில் நான் இன்னும் கல்யாணம் ஆகாத பெண் என்று. ஆதாரில் பெருந்துறையில் இருக்கும் பிறந்த வீட்டு முகவரி, வாக்காளர் அட்டையில் அப்பா பெயர். தட்கலில் போடலாம் என்றால் அதற்கு இந்தச் சான்றுகள் போதவில்லை. ஆதாரில் முகவரி மாற்றி, மகளின் பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்த்து, கணவரிடமிருந்து கையெழுத்து வாங்கி, ஈரோட்டில் கைரேகை வைத்துவிட்டு வந்தேன். இனி போலீஸ் விசாரணை மட்டும்தான் பாக்கி என்றார்கள். அதைத் தெருவில் நாலு பேரிடம் சொல்லி வைத்திருக்கலாம். ஏனோ தோன்றவில்லை. பாஸ்போர்ட்டுக்குப் போட்டிருக்கிறேன் என்று மட்டும் அக்காவிடம் சொல்லியிருந்தேன்.

மகளுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு ஒருநாள் மதியம் திரும்பியபோது அக்கா தன் மாட்டைக் கட்டிவிட்டு வாசலிலேயே நின்றிருந்தார்.

"ஏனம்மணி, உன்னையக் கேட்டுட்டு ஒருத்தன் பைக்குல வந்தான். அவங்க ஊட்டுக்காரரு எங்க, தனியாவா இருக்காங்க, எத்தன நாளா இருக்காங்கன்னு நோண்டி நோண்டிக் கேக்கறான். எனக்கு வந்துச்சே கோவம்!"

"என்னங்க்கா சொன்னீங்க?"

"அவங்க ஊட்டையே காலி பண்ணிப்போட்டுப் போயிட்டாங்க, நீ எடத்தக் காலி பண்ணு சாமின்னு முடுக்கி உட்டுட்டேன்."

அவர் கையை வீசிக் காட்டிய விதத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் சிரித்தோம். மகளும் என்னவென்று தெரியாமல் சிரித்தாள். ஊசி போடும்போது புது எண்ணிலிருந்து வந்த அழைப்பை நான் எடுக்கவில்லை. புது எண்களை நான் எடுப்பதே இல்லை.

சில நாட்களில் என் விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. மகளை அக்காவிடம் விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். சாதாரண உடையில் இருந்த விசாரணைக் காவலர் கோபப்படக்கூட இல்லை.

"போன் எடுக்கலீங்க நீங்க. பக்கத்து ஊட்டுல மாடு கட்டியிருக்கறவங்க காலி பண்ணிட்டதாச் சொன்னாங்க. நான் வேற என்னங்மா எழுதறது?"

திரும்பி வந்தபோது மகள் அக்காவின் மடியில் உறங்கிக்கொண்டிருந்தாள். "என்னாச்சு கண்ணு?" என்றார். "ஏதோ கம்ப்யூட்டர் கோளாறுங்க்கா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. குழந்தை விழித்துவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

கோவை பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போய் விளக்கம் எழுதிக்கொடுத்து, மறு விசாரணைக்காகக் காத்திருந்தேன். மாலையில் தங்கை வீடியோவில் அம்மாவைக் காட்டுவாள். "வாரியா கண்ணு?" என்பார். "வாரேன்மா, இந்த வாரம் பாஸ்போர்ட்டு வந்துரும்" என்பேன். பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார். கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அம்மாவின் கடைசிக் காரியங்களைக் கைபேசியில்தான் பார்த்தேன். தங்கை அழுதுகொண்டே பிடித்திருந்ததில் அம்மாவின் முகம் சரியாகத் தெரியவில்லை. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு என்னைவிட அதிகம் அழுதார். அன்று எனக்குச் சோறு ஊட்டியதும் அவர்தான்.

அதன் பிறகு தபால்காரர் வந்தார். "கண்ணு, பாஸ்போர்ட்டு வந்துருச்சு!" என்று அக்காதான் முதலில் குரல் கொடுத்தார். கொடுத்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டு பாஸ்போர்ட்டும் பீரோவில் இருக்கின்றன. நான் அவற்றைத் திறந்து பார்க்கவில்லை.

சரியான நேரத்தில் பாஸ்போர்ட் வந்திருந்தாலும் விசா கிடைத்திருக்குமா? கைக்குழந்தையோடு தனியாகக் கிளம்பியிருப்பேனா? நான் அந்த அழைப்பை எடுத்திருந்தால்? இப்படியெல்லாம் கேட்டுப் பார்த்து அக்காவின் பங்கைக் குறைக்கப் பார்க்கிறேன். சில நாள் குறைகிறது. சில நாள் அவர் என் மகளைக் கொஞ்சும் குரல் கேட்டாலே அடுப்படிக்குள் போய் நின்றுகொள்கிறேன்.

இத்தனை நாள் பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால் கடைசி வீட்டுப் பெண்ணுக்கு வெளிநாட்டில் நர்ஸ் வேலை கிடைத்து, அவளும் பாஸ்போர்ட்டுக்குப் போட்டிருக்கிறாள். அவள் அப்பாவும் போர் வண்டியில்தான். நேற்று அக்கா அவளிடம் சொல்வது கேட்டது: "நீ தைரியமா வெளிய போயிட்டு வா அம்மணி. எவனாச்சும் வந்து கேட்டா நான் பாத்துக்கறேன்."

அந்தப் பெண்ணுக்காக நான் வாயைத் திறந்தாக வேண்டும். பைக்கில் வருகிறவர் போலீஸாக இருக்கலாம் என்று சொன்ன அந்த நொடியே அக்காவுக்கு அன்றைய மதியம் நினைவுக்கு வந்துவிடும். பிறகு அவர் என் மகளை எப்படித் தூக்குவார்? நான் எப்படி நீட்டுவேன்?

இதைப் படிக்கிற நீங்கள் என் இடத்தில் இருந்தால் அக்காவிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பீர்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கடைசி வீட்டுக்குப் போலீஸ் வருவதற்குள் எனக்கு அது வேண்டும்.