காஞ்சிபுரத்தில் ஏது கப்பல்?

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தை ஒட்டிய ரேடியோ ரிப்பேர் கடையில், தயங்கித் தயங்கி என் பெட்டியை நீட்டுகிறேன். கடலில் கிட்டே வரும் கப்பல்களை முன்கூட்டியே காட்டும் ரேடியோ இது. பெங்களூரில் அக்கா வீட்டார் வாங்கித் தந்தது. சதுரங்கப்பட்டினத்தில் என் தம்பி நாளை இதை நம்பித்தான் படகை எடுக்கிறான். ஆனால் அக்கா வீட்டிலேயே இதன் மஞ்சள் விளக்கு எரியவில்லை.

கடைக்கார பாய் கரண்ட் கொடுத்து ஏரியலைச் செருகுகிறார். பச்சை மட்டும் நின்று எரிகிறது. “மஞ்ச எரியலையே!” என்கிறேன்.

“பச்ச எரிஞ்சா கரண்டு இருக்குது. கோளாறுன்னா செவப்பு எரியணும், எரியல.” பெட்டியோடு வந்த தாளைப் படிக்கிறார். “கப்பல்லேர்ந்து சிக்னல் வந்தா மஞ்ச மினுக்கும்...” நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார். “ஏம்மா, காஞ்சிபுரத்துல ஏதும்மா கப்பல்?”

செல்போன் ரிப்பேருக்குக் காத்திருக்கும் பெண், “பாலாத்துல தண்ணியே காணோம், இவங்க கப்பலத் தேடிக்கினு இருக்காங்க!” என்கிறார். கடையே சிரிக்கிறது. எனக்கும் அடக்க முடியவில்லை. பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது!

“கடலாண்ட போயி மினுக்குச்சுன்னா ஒரு போன் போடும்மா,” என்கிறார் பாய். “இங்க உக்காந்துக்கினே நானும் ஒரு கப்பல் பாத்த மாதிரி இருக்கும்.”