பாலைக்குப் பெய்த மழை

காலை ஆறரைக்கு மழைக்காட்டில் மழையை நிறுத்திவிட்டு, மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தபடி அடுத்த கதவைத் திறக்கிறார். அங்கே புல்வெளி. விசிறிகளைத் தட்டிவிட்டுக் காற்றடிக்க வைக்கிறார். மூன்றாவது கதவுக்கு முன்னால் ஸ்வெட்டர்: உள்ளே பனிச்சமவெளி, பத்து வருடத்தில் விரற்கடை அளவே வளர்ந்திருக்கும் பாசி. கடைசி அறை பாலைவனம். நாலு நிலத்தின் செடிகளையும் ஒரே கூரைக்குள் வளர்க்கிற அந்தக் கண்ணாடிக் கூடத்தில் எல்லாரும் அவரை மழைக்காரர் என்கிறார்கள். சம்பளப் பட்டியலில் மட்டும் குழாய் பராமரிப்பாளர்.

"கதவுக்குக் கதவு பத்தடிதான். ஆனா பூமியில பாதியைத் தாண்டிடறேன்" என்பார், பார்க்க வருகிறவர்களிடம். பிறகு குரல் தாழும். "இந்தக் காட்டுல ஒரு இலை விழுந்தா வீணாப் போறதில்லைங்க. பூஞ்சை தின்னு, வேர் உறிஞ்சி, கொஞ்ச நாள்ல மறுபடி மரத்து மேல போய் உட்கார்ந்துக்கும். நம்ம ஆபீஸ்ல ஒரு ஃபைல் இப்படி நகருமா?"

பாலைவனத்தின் மேல் அவருக்குத் தனி இரக்கம். அதுதான் வினையாயிற்று. வருடத்துக்கு ஒரே மழை என்பது அட்டவணை. இவரோ தினமும், யாரும் பார்க்காத நேரத்தில், ஒரு குவளைத் தண்ணீரைத் தெளித்துவிட்டு வந்தார். ஐந்து வருடம். மணலுக்குள் கிடந்த விதைகளோ எலும்புவரை காய்ந்தால்தான் கண்விழிக்கிற ரகம். ஒன்றும் பூக்கவில்லை. "அடுத்த வருஷமும் இப்படியே இருந்தா இந்த அறை காபிக் கடைதான்" என்று சொல்லிவிட்டார் மேலாளர் அம்மா.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் குவளை விவகாரத்தை ஒப்புக்கொண்டார். "பசிக்கவே விடாம ஊட்டிக்கிட்டே இருந்தா எது வாயைத் திறக்கும்? நம்ம பொண்ணையும் இப்படித்தான் கெடுத்தீங்க" என்றாள் அவள், துணி மடிப்பதை நிறுத்தாமல்.

அன்றிலிருந்து ஒரு வருடம், கோபித்துக்கொண்ட சம்பந்தி வீட்டைக் கடப்பதுபோல, முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்தக் கதவைக் கடந்தார். மழை நாள் வந்தது. நாற்பது நிமிடம், ஒரே மூச்சில் கொட்டினார்.

சில வாரம் கழித்துக் கதவைத் திறந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். மணலைக் காணவில்லை. சுவர்முதல் சுவர்வரை நகத்தளவுப் பூக்கள், மஞ்சளும் ஊதாவுமாக. எந்த இடுக்கில் நுழைந்ததோ, ஒரு தேனீகூட வந்து சேர்ந்திருந்தது.

"இத்தனை பேரும் உள்ளதான் இருந்தீங்களா?" என்றார் மெல்ல.

மேசை போடும் இடத்தை அளக்க டேப்போடு வந்த மேலாளர் அம்மா அவர் பின்னால் நின்றார். பாதி இழுத்த டேப் அப்படியே கையில் இருந்தது. பிறகு அந்த அம்மாவே ரகசியம்போலக் கேட்டார்: "அந்த ஓரத்துல ஒண்ணு வாடற மாதிரி இருக்குங்க. பாவம். ஒரே ஒரு குவளை தெளிச்சா…"

மழைக்காரர் தண்ணீர்க் குழாயைத் திறக்கும் சக்கரத்தருகே போய், அதை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார்.