கோதண்டம் ஓட்டிய ஐந்தாவது கேசட்

உங்களில் பலருடைய வீட்டுக் கல்யாணத்தை வீடியோ எடுத்தவர் கோதண்டம். இந்த நினைவுக் கூட்டத்தில் அவரைப் பற்றி நான் பேச வேண்டும் என்றதும், எதையாவது விட்டுவிடுவேனோ என்று பயந்து முதலில் குறிப்பு எழுதிக்கொண்டேன்:

1. செய்தி வந்தது.
2. என் ஐந்து கேசட்டுகளை அவர் ஒரே டிவிடியில் சேர்த்துக் கொடுத்தது.
3. பயம் என்பதையே அறியாத மனிதர்.

கைப்பேசியில் அவர் பெயரைப் பார்த்ததும், டிவிடியில் ஏதோ கோளாறு என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். பேசியது அவர் மனைவி செல்வி.

"சார், அவரு காலைல போய்ட்டாரு. நெஞ்சு வலின்னாரு, அவ்ளோதான்."

டிவிடிக்கு ஒன்றுமில்லை என்று ஒரு கணம் நிம்மதி வந்தது. அந்தக் கணத்தை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

போன வருடம்தான் தேனாம்பேட்டையில் அவருடைய மாடி அறைக்குப் போனேன். எந்தக் கேசட்டில் எத்தனையாவது நிமிடத்தில் என்ன இருக்கிறது என்று இரண்டு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன்.

"இன்னா சார், ரேஷன் லிஸ்ட்டா?" என்று சிரித்தார். பிறகு, "அஞ்சாவதுக்கு மட்டும் ஒண்ணுமே எழுதலியே?" என்றார்.

யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். கேசட்டின் பின்புறம் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே வேறெதுவும் பதிவாகாது. நான்கு கேசட்டுகளில் உடைத்தேன். ஐந்தாவதில் என் மகளின் முதல் பிறந்தநாள் இருந்தது. உடைக்கும்போது கேசட்டுக்கே ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து விட்டுவிட்டேன். பிறகு ஒரு நாள், காலி கேசட் என்று நினைத்து, அதன்மேல் கிரிக்கெட் மேட்சைப் பதிவு செய்தேன். பாதியில்தான் தெரிந்தது, நிறுத்தினேன். என் மனைவி பத்மாவின் குரல் பதிவானது அந்த ஒரு கேசட்டில்தான். அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை. அவள் இறந்து எட்டு வருடமாகியும், மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று போட்டுப் பார்க்கத் துணிவில்லை.

அவர் கேசட்டைத் திறந்தார். நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளை.

"பூஞ்சை பூத்துக்கீது சார். ஒரு வாரம் டைம் குடுங்க."

"அறுந்துவிட்டால்?"

"அறுந்தா ஒட்டுவேன். நீங்க மொதல்ல ஒக்காந்து மூச்சு விடுங்க."

அடுத்த வாரம் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஓட்டினார். மேட்ச் ஓடிற்று. அரை மணி நேரம் கழித்தும் மேட்ச்தான். "போதும், நிறுத்திடுங்க" என்றேன்.

"நிறுத்தி நிறுத்தி ஓட்டினாதான் சார் நாடா அறும். அது பாட்டுக்கு ஓடட்டும்."

திரையில் கோடு கோடாக வந்தது. பிறகு மந்தைவெளி வீட்டுச் சமையலறை வாசலில், இடுப்பில் குழந்தையோடு பத்மா. "எடுத்தது போதும், குழந்தைக்குத் தூக்கம் வருது" என்றாள். நான்கு நிமிடம். கோதண்டம் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மேட்ச்சை வெட்டிடலாமா சார்?"

"ஒரு ஓவர் மட்டும் இருக்கட்டும். செய்தது நான்தானே."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. வைத்தார்.

குறிப்பு இதோடு முடிந்தது. ஆனால் நேற்று ஆதம்பாக்கத்தில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பயமே அறியாத மனிதர் என்று பேசப் போகிறேன் என்றதும் செல்வி என்னைப் பார்த்தார்.

"அவருக்கா சார் பயமில்ல? உங்க கேசட்டை நாலு நாளு பீரோவுல வெச்சிருந்தாரு, தொடவேயில்ல. அப்புறம் எங்க கல்யாணக் கேசட்டை எடுத்தாரு. அதுலயும் இதே பூஞ்சை. மொதல்ல இத்த ஓட்டிப் பாக்கறேன்னாரு."

"என்ன ஆச்சு?"

"மெஷின்ல சுத்திக்கினு நார் நாராப் போச்சு. எந்த எடத்துல தப்பு நடக்குதுன்னு அதுலதான் தெரிஞ்சிக்கினாரு. அப்புறம்தான் உங்களுது."

வேறு காப்பி இல்லையா என்று கேட்டேன்.

"ஊருக்கெல்லாம் போட்டுக் குடுத்தாரு. எங்களுது போடணும் போடணும்னு சொல்லிக்கினே இருந்தாரு."

அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்த நான்கு நிமிடம். அது எதிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாமலே ஒரு வருடம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மூன்றாவது குறிப்பு தவறு. அவர் பயந்திருக்கிறார். என்னிடம் காட்டவில்லை.