பொன்னி நிமிர்ந்து பார்த்த முகம்

செங்கம் சாலையில் இட்லிக்கடை வைத்திருக்கும் பொன்னியிடம், ‘அவர் இப்படிச் சொல்லச் சொன்னார்’ என்று யாரும் போய் நிற்க முடியாது. “ஏன், அவருக்கு வாய் இல்லியா? அவரையே வந்து சொல்லச் சொல்லு” என்பாள். திமிர் பிடித்தவள் என்று தெருவில் பேசுவார்கள். தினமும் அங்கே சாப்பிடுகிற எனக்குத்தான் காரணம் தெரியும்.

1974-இல் அவள் இப்படி இல்லை. கணவன் இறந்த பிறகு, ரமணாசிரமம் பக்கம் வாடகை அறையில் இருந்த மார்த்தா என்ற வெள்ளைக்காரம்மாவுக்குச் சமைக்கப் போனாள். அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் நின்று பேசியது தம்பி தருமன். தாயில்லாத அவனை இடுப்பில் தூக்கி வளர்த்துப் பத்தாவது வரை படிக்க வைத்தவளே பொன்னிதான்.

மரியாதைக்குக் குறைவு என்று அவள் அந்தம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்ததே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு தம்பி சொல்வதை மட்டும் கேட்பாள். “காரம் ஜாஸ்தியாம்க்கா.” மறுநாள், “உப்பு கம்மியாம்.” மிளகாயைக் குறைத்தாள், எண்ணெயை மாற்றினாள். குறை மட்டும் தீரவில்லை. கடைசியில் ஒருநாள், “நாளையிலேர்ந்து நீ வர வேணாங்கறாங்கக்கா” என்றான். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள்.

அடுத்த வாரமே தருமனின் மனைவி கஸ்தூரி அங்கே சமைக்கப் போனாள். “யாராச்சும் செய்யணும் இல்லக்கா” என்றான். பொன்னி அதையும் நம்பினாள். எனக்கு அதுதான் ஆத்திரம்.

அதன்பிறகுதான் பொன்னி இந்த இட்லிக்கடையை ஆரம்பித்தாள். இடையில் தன் நாட்டுக்குப் போய்விட்ட மார்த்தா எட்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்தார். இப்போது தட்டுத்தடுமாறித் தமிழ் பேசினார். ஒருநாள் காலையில் கடைக்கு வந்து உட்கார்ந்தவர், சட்னியைத் தொட்டு வாயில் வைத்ததுமே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்.

“பொன்னி! உன் சமையல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தினமும் சொன்னேனே. ஏன் என்னை விட்டுப் போனாய்?”

“நீங்கதான வேணாம்னு சொன்னீங்க?”

“நானா? உனக்கு என் வீடு பிடிக்கவில்லை என்று தருமன் சொன்னான்.”

பொன்னி முதல் தடவையாக அந்த முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். மார்த்தாவின் கண்கள் நிறைந்திருந்தன.

கடையைப் போட்டது போட்டபடி தம்பி வீட்டுக்கு நடந்தாள். என்ன ஆகுமோ என்று நானும் பின்னால் போனேன்.

“அவங்க நெஜமா இன்னாடா சொன்னாங்க?”

தருமன் தரையைப் பார்த்தான். “கஸ்தூரிக்கும் ஒரு வேலை வேணும்னுதான்...” என்று இழுத்தான்.

“கேட்டிருந்தா நானே விட்டுக் குடுத்திருப்பேனேடா! என்னாண்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணலியா உனக்கு?” என்றவள் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். நான் வளர்த்த பிள்ளை, நான் வளர்த்த பிள்ளை என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அது நடந்து நாலு வருஷம் ஆகிறது. மூன்று தடவை கஸ்தூரி கடைக்கு வந்துவிட்டாள். “அவரு மன்னிச்சிடச் சொன்னாருங்க அண்ணி.”

“அவனையே வந்து சொல்லச் சொல்லும்மா.”

தருமன் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. அவன் இன்னும் வரவில்லை.