குருவியின் இடது ஷூ

என் அக்காவின் கணவர் வாயைத் திறப்பதே கொட்டாவி விடத்தான் என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டவன் நான்தான். ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், சாவி வெட்டுபவருக்கும் பூக்கடைக்கும் நடுவே, ஒரு கதவு அகலத்தில் அவருடைய ஷூ ரிப்பேர் கடை. வருகிறவர்களின் முகத்தைப் பார்க்க மாட்டார், காலைத்தான் பார்ப்பார். குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று திருப்பிப் பார்த்துவிட்டு, “பையை அந்தத் தோளுக்கு மாத்துங்க” என்பார். அன்றைய பேச்சு அதோடு சரி.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு நரியிடம் பேசினார் என்றால் யார் நம்புவார்கள்? நான் என் காதால் கேட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் துண்டுத் தோட்டம். ஒரு துணிக்கொடி, பழைய சாமான் போடும் மரக்கொட்டகை, அவ்வளவுதான். பொழுது சாயும் நேரத்தில் அத்தான் பின்வாசல் படியில் உட்கார்ந்து மிச்ச வேலையைப் பார்ப்பார். வேலி இடுக்கு வழியாக அந்த நரி வரும். துணிக்கொடிக்கு அடியில் வாலைக் காலோடு சுற்றிக்கொண்டு உட்காரும். “வா. இன்னைக்கு ஒரு தபால்காரர் வந்தார். ரெண்டு காலும் உள்பக்கமா தேய்ஞ்சிருக்கு, பாவம்” என்று தலை நிமிராமல் சொல்வார். அதுவும் காதைச் சாய்த்துக் கேட்கும்.

அந்த நேரத்தில் தோட்டம் எங்களுடையதாகவே இருக்காது. கொடியில் காயும் சட்டைகள் யாரோ போட்டுக்கொண்ட மாதிரி மெல்ல அசையும். வெளிச்சம் போகவும் மாட்டாமல் இருக்கவும் மாட்டாமல் புல்மேல் தயங்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குப் பல நாள் நான் விழித்திருக்கிறேனா என்றே சந்தேகம் வந்திருக்கிறது.

அக்காவுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் கிடையாது. “நரி இடம் போனா என்ன, வலம் போனா என்ன, மேல விழுந்து பிடுங்காம இருந்தா சரி” என்று சமையலறை ஜன்னலிலிருந்து சொல்வாள். “என்கிட்ட இத்தனை வருஷமா பேசாததையெல்லாம் அதுகிட்ட பேசறாரு பாரு” என்றும் சேர்த்துக்கொள்வாள்.

கொட்டகைப் பலகைக்கு அடியில் நரி குட்டி போட்டபோது அத்தான் கடையை அரை நாள் மூடினார். மகள் பிறந்த அன்றுகூட மூடவில்லையாம். இது அக்காவின் கணக்கில் எப்போதும் இருக்கும்.

அந்த மகளைத்தான் நாங்கள் குருவி என்று கூப்பிடுவோம். பிறவியிலேயே அவளுக்கு இடது கால் கொஞ்சம் குட்டை. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அடித்தோல் தடித்த இடது ஷூவை அப்பாதான் செய்து போடுவார். பள்ளி விளையாட்டு நாளில் மற்றப் பிள்ளைகள் ஓடுவார்கள், இவள் அவர்களுடைய பைகளுக்குக் காவல் இருப்பாள். அழுததாக நினைவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

வெளியூர்ப் பள்ளி ஒன்றில் அவளுக்கு டீச்சர் வேலை கிடைத்தது. அப்பாவிடம் அவள் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அங்க யாருக்கும் என்னைத் தெரியாதுப்பா. பிள்ளைங்க முதல்ல என் முகத்தைப் பாக்கணும். காலைப் பாக்கக் கூடாது.”

அத்தான் சரி என்றுகூடச் சொல்லவில்லை. ஆனால் அவர் அப்படி ஒரு ஷூ செய்து நான் பார்த்ததில்லை. உயரத்தை எல்லாம் உள்ளே ஒளித்துவிட்டார். ஜோடியை மேசையில் வைத்தால் எது உயரம் கூடிய ஷூ என்று எனக்கே தெரியவில்லை. ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம், தோல் இளக அவர் எப்போதும் தடவும் மருந்தைத் தடவினார். மெழுகும் ஆட்டுக் கொழுப்பும் சேர்த்து உருக்கியது. மகளுக்காயிற்றே, ஒன்றுக்கு இரண்டு பூச்சு. ஊறட்டும் என்று படியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

திரும்பி வந்தபோது வலது ஷூ மட்டும் இருந்தது.

தோட்டம் முழுக்கத் தேடினோம். எனக்குச் சட்டென்று உறைத்தது, உறைத்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. “அத்தான், நரி இத்தனை நாளா உங்களப் பாக்க வரல. இந்தக் கொழுப்ப மோப்பம் பிடிச்சுத்தான் வந்திருக்கு.”

அவர் வலது ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டார். “வந்துச்சுல்ல” என்றார்.

விடிந்தும் விடியாததுமாகக் கடப்பாரையோடு கொட்டகை முன்னால் நின்றார். இரண்டு பலகையைப் பெயர்த்தால் ஷூ கிடைக்கும். ஆனால் பலகை பெயர்ந்தால் தாய் நரி குட்டிகளைக் கவ்விக்கொண்டு போய்விடும், பிறகு இந்தப் பக்கமே வராது. அது அவருக்கும் தெரியும். கடப்பாரையைப் பலகை இடுக்குக்குள் கொடுத்துவிட்டு அழுத்தாமல் நின்றார். மகளுக்காக அழுத்தியிருப்பார், சந்தேகமில்லை. கண் கலங்கியிருந்தது.

“அப்பா, இருங்க” என்றாள் குருவி பின்வாசலிலிருந்து. “அங்க பாருங்க.”

பனி இறங்கிய புல்லில் குட்டிகள். ஒன்று லேஸைப் பல்லில் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட, ஷூ பின்னாலேயே துள்ளிக்கொண்டு போனது. இன்னொன்று துரத்தியது. துணிக்கொடியைச் சுற்றி, அக்காவின் சேலைக்கு அடியில் புகுந்து, மறுபடி வெளியே. வேலியோரம் தாய் உட்கார்ந்து எங்களையும் அவற்றையும் மாறி மாறிப் பார்த்தது.

அத்தான் பிடிக்க ஓரடி வைத்தார். குருவி அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“விடுங்கப்பா. என் ஷூ ஓடி நான் பாத்ததே இல்ல.”

பழைய தடித்த ஷூவைப் போட்டுக்கொண்டுதான் ரயிலேறினாள். வழியனுப்பிவிட்டு வந்த அத்தான் அன்று யார் ஷூவையும் திருப்பிப் பார்க்கவில்லை. மறுநாள் சாயங்காலம் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

“மாமா, நுழைஞ்ச உடனே எல்லாப் பிள்ளைங்களும் காலைத்தான் பாத்தாங்க. ஒருத்தன் எழுந்து, ‘ஏன் டீச்சர் ஒரு ஷூ மட்டும் பெருசு’ன்னே கேட்டுட்டான்.”

“நீ என்ன சொன்ன?”

“புதுசு இருந்துச்சு, அத நரி தூக்கிட்டுப் போயிடுச்சுன்னேன். அவ்வளவுதான் மாமா. அப்புறம் ஒருத்தரும் காலைப் பாக்கல. எல்லாரும் என் வாயையே பாத்துட்டு இருந்தாங்க. நாளைக்கு மிச்சக் கதை வேணுமாம். நரி இன்னைக்கு என்ன பண்ணுச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? அப்பாகிட்ட குடுங்க.”

கொடுத்தேன். அத்தான் போனைக் காதில் வைத்துக்கொண்டு பின்வாசல் படிக்குப் போய் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். பிறகு பேச ஆரம்பித்தார். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்தாள். இருட்டும்வரை அவர் நிறுத்தவில்லை.