நான்காவது படி

மகள் சிங்களக் கட்டுரையை எழுதி எழுதி அழிக்கிறாள். அழிறப்பர் வாசனையில், நினைவில் தெஹியோவிட்டத் தோட்டத்துப் பழைய லயத்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

அண்ணனைப் பொலிஸ் பிடித்திருந்தது. விடச்சொல்லிப் பொறுப்பதிகாரிக்குச் சிங்களத்தில் கடிதம் எழுத வேண்டும். வீட்டில் பள்ளியில் சிங்களம் படித்தவள் நான் மட்டும்தான். வாசிக்கும்போதெல்லாம் எங்கோ பிழை இருப்பதாகத் தோன்றியது. எங்கே என்றுதான் தெரியவில்லை. அழித்து அழித்துத் தாள் கிழிந்தது.

வெள்ளைச் சட்டையோடு வாசலில் நின்ற அப்பா, "பஸ் போயிரும் பாப்பா" என்றார்.

"பிழையிருந்தா சிரிப்பாங்கப்பா."

கடிதத்தின் நான்காவது படியை எழுதிக் கொடுத்தபோது கடைசி பஸ் போய்விட்டது. மறுநாள் அப்பா போவதற்குள் அண்ணனைக் கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவன் வீடு திரும்ப மூன்று வருடமாயிற்று.

அன்று பொலிஸிலிருந்து திரும்பி வந்து அப்பா கேட்டது ஒன்றுதான்: "மொதல்ல எழுதுனதுல என்னா பிழை பாப்பா?"

இன்றுவரை எனக்குத் தெரியாது.

மகளின் கையிலிருந்து அழிறப்பரைப் பிடுங்கிவிட்டேன். அவள் அழத் தொடங்கினாள்.